என் முதுகுக்குப் பின்னால் ஓடிய டெர்பி

என் மச்சானைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் நல்லதாகத்தான் எழுதுவார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருஷமாக அந்த மனிதரைப் பக்கத்திலிருந்து பார்த்து வயிறெரிந்தவன் என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரிக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முன்னறையில் ஃபிரேம்கள் அடுக்கிய அலமாரி, பின்னறையில் கண் பார்க்கிற நாற்காலி. பின்னறைக்கு நீளம் போதாது. ஆகவே எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் உயரத்தில் மாட்டி, எதிர்ச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார். பலகையில் எழுத்துக்கள் இடவலம் மாறியிருக்கும், கண்ணாடியில் பார்த்தால் சரியாக வரும். யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான். “உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. இந்தக் காலத்துல எழுத்தைத்தான் பொடிசாப் போட்டுத் தொலைக்கிறாங்க.” எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாத கிழவர்கூட அந்த நாற்காலியிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இறங்குவார். எழுத்தைப் பொடிசாகப் போடுகிற பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொல்வார்.

எழுபத்தொரு வயதில் தலை நிறைய முடி. எனக்கு முப்பத்தைந்திலேயே எல்லாம் சீப்போடு போய்விட்டது. டீக்கடைக்காரர் அவருடைய கிளாஸில் மட்டும் இன்னும் இரண்டு விரல் கூட ஊற்றுவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வரும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் தெருவே வரும். நான் ஒரு ஜோக் சொன்னால் என் மனைவி, “சரி, அப்புறம்?” என்பாள். அண்ணன் “கொஞ்சம் தண்ணி கொடும்மா” என்றால் போதும், இவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். என்னுடைய டெர்பி அவரிடம் இருந்தது.

நான் ஒரு தினப் பத்திரிகையில் ப்ரூஃப் ரீடராக இருந்தவன். அடுத்தவர்களின் தப்பைக் கண்டுபிடித்தே முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்களே தவிர அந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. மனைவி கடைக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் பையில் வைப்பேன். “நீங்க போனதுக்கப்புறம் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்ல வேணும்னே நாலு தப்புப் போடச் சொல்றேன். அதைத் திருத்தவாவது எழுந்து வருவீங்க” என்பாள்.

குதிரைப் பந்தயத்திலும் எனக்கு அந்தக் கண்தான் வழி காட்டியது. மற்றவர்கள் குதிரையின் தாய் யார், தகப்பன் யார், ஜாக்கி என்ன எடை, தரையில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நான் ரேஸ் புத்தகத்தை வாங்கி அச்சுப்பிழை தேடுவேன். எந்தக் குதிரையின் பெயரைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்களோ, அதன்மேல் கட்டுவேன். சிரிக்காதீர்கள். பெயரைச் சரியாகப் போடக்கூட நாதியில்லாத குதிரை ஒருநாள் ரோஷம் வந்து ஓடும் என்பது என் கணக்கு. அநேகமாக ஓடாது, அது வேறு விஷயம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நான் கட்டின குதிரையை நான் பார்க்கக் கூடாது. பார்த்தால் தோற்கும். கேட் திறக்கிற மணி அடித்ததும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொள்வேன். ஒலிபெருக்கியில் கத்துகிறவன் குரல்கூட உள்ளே போகக் கூடாது. எல்லாம் முடிந்ததும் பக்கத்தில் நிற்கிறவர் தோளைத் தட்ட வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் எப்போதும் மச்சான்தான். அந்த நாளில் அவர் இன்னும் மச்சானாகவில்லை, வெறும் சிநேகிதர்.

அந்த வருஷம், எல்லாவற்றிலும் பெரிய பந்தயமான டெர்பி நடந்த வாரத்தில் பத்திரிகைகளில் வேலைநிறுத்தம். ஒன்பது நாள் ஊரில் ஒரு பத்திரிகை கிடையாது. நிறுத்தினவர்களில் நானும் ஒருவன். மைதானத்தில் மழை, கூட்டம் பாதிகூட இல்லை. ரேஸ் புத்தகத்தைப் பிரித்தால், ‘லேட் லெட்டர்’ என்ற குதிரையை ‘லேட் பெட்டர்’ என்று போட்டிருக்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பையிலிருந்ததை வழித்து அதன்மேல் கட்டினேன். எவரும் சீண்டாத குதிரை அது. மச்சான் பெரிய மனிதர்கள் எல்லோரும் கட்டுகிற ‘பிளாக் காலர்’ மேல் கட்டினார். “ஏம்ப்பா, தபால்காரன் மேல கட்டியிருக்கியே, அது எந்த மாசம் வந்து சேரும்?” என்று கேட்டார்.

மணி அடித்தது. திரும்பினேன். எனக்கு எதிரே படிக்கட்டுச் சுவர். அதில் சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் இடம். இரண்டரை நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளின் மிகப் பெரிய பந்தயத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான்.

தோளில் தட்டு விழுந்தது. திரும்பினால், குதிரைகள் எல்லாம் ஓட்டம் தணிந்து தூரத்தில் நடந்துகொண்டிருந்தன.

“ஜெயிச்சுட்டே. மூணு குதிரை நீளம்” என்றார்.

“எப்படி? எப்படி ஜெயிச்சுது?”

மச்சான் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு ஆரம்பித்தவர்தான், முப்பத்தெட்டு வருஷம் நிறுத்தவில்லை.

அவர் சொல்கிற பந்தயம் இதுதான். கேட் திறந்ததும் லேட் லெட்டர் கடைசியாகக் கிளம்பியது. “பேருக்கேத்த மாதிரிதான்” என்பார், அங்கே ஒரு சிரிப்பு. முதல் வளைவில் பத்தாவது. எதிர்ப் பக்கத்து நேர் ஓட்டத்தில் ஒன்பதாவது. கடைசி வளைவில் எப்படியோ ஆறாவது. முன்னால் ஐந்து குதிரைகள் சுவர் எழுப்பினது போல ஓடுகின்றன. சரி, சிநேகிதன் கதை முடிந்தது என்று மச்சான் பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார். இந்த இடத்தில் எழுந்து நின்றுவிடுவார். கேட்கிறவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, காதில் விரலை விட்டு, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, என்னைப் போலவே நிற்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “சட்டையெல்லாம் மழையில நனைஞ்சு ஒட்டிக்கிடக்கு. ஆனா அந்த முதுகுல ஒரு பிடிவாதம் பாருங்க! சாமி சத்தியமா, அந்த முதுகை நான் பார்த்துட்டு மறுபடி மைதானத்தைப் பார்க்கிறேன், குதிரை கிளம்பிடுச்சு!” உள்கம்பியோரம் ஒரு சந்து, ஒரு கைக்குட்டை நுழையாத சந்து, அதில் நுழைந்து ஒவ்வொன்றாகத் தாண்டி... என்று அவர் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்போது கேட்கிறவர்களெல்லாம் கை தட்டுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குதிரையைத் தேர்ந்தெடுத்தது நான். கட்டினது நான். ஜெயித்தது நான். தோற்ற மனிதர் அதைப் பார்த்துவிட்டார் என்பதற்காகப் பந்தயமே அவருடையதாகிவிடுமா? அந்தக் கதையில் நான் யார்? ஈரச் சட்டையோடு நிற்கிற கோமாளி.

மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் சனிக்கிழமை தோறும் பழைய ரேஸ்காரர்கள் கூடுவோம். ஆளுக்கு ஒரு குதிரைக் கதை வைத்திருப்பார்கள். லிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்த்துக் கண்ணடித்த குதிரை அடுத்த பத்தாவது நிமிஷத்தில் டெர்பியை ஜெயித்ததாம். ரிட்டயரான நர்ஸம்மா ஜாக்கியின் சட்டை நிறத்தைப் பார்த்தே மூன்று டெர்பி ஜெயித்தவர். எலுமிச்சை மஞ்சள் என்றைக்கும் கைவிடாது என்பார். ஆனால் கடைசியில் யாராவது ஒருவர் “லேட் லெட்டரைச் சொல்லுங்க” என்பார், மச்சான் கிளாஸைக் கீழே வைப்பார். அந்தக் கடையில் அவருக்கு டெர்பிக்காரர் என்று பெயர். எனக்கு என்ன பெயர் தெரியுமா? முதுகு. “முதுகு வந்தாச்சா? அவருக்கொரு டீ!”

ஒருமுறை ஒரு வயதான குதிரைப் பராமரிப்பாளர், “அது எப்பவும் முன்னாடி ஓடற குதிரையாச்சே, பின்னாலேர்ந்து வந்ததா எனக்கு ஞாபகமில்லையே” என்று இழுத்தார். கடை முழுக்க அவர்மேல் பாய்ந்தது. “பெரியவரே, நீங்க வேற குதிரையைச் சொல்றீங்க, உட்காருங்க” என்று அதட்டினவன் நான்தான். மச்சான் சொன்னதை நான் ரேஸ் கிளப்பின் ஆண்டுப் புத்தகத்தில் சரிபார்த்திருந்தேன். நேரம் சரி, ஜாக்கி சரி, மூன்று நீளம் சரி. எப்படி ஓடியது என்பதை அந்தப் புத்தகத்தில் போடுவதில்லை.

கல்யாணமும் அந்தக் கதையால்தான் நடந்தது. டெர்பி முடிந்த அடுத்த மாதம் அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாட்டுக்கு நடுவே தங்கையிடம் பந்தயத்தைச் சொன்னார். முதுகு வந்த இடத்தில் அவள் சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். “யாருடா இது, இப்படி ஒரு ஆளான்னு அப்பதான் உங்களைச் சரியாப் பார்த்தேன்” என்று பிற்பாடு சொன்னாள். அதற்கும் நான் சந்தோஷப்படவில்லை. அண்ணன் வாயால் கேட்டு அல்லவா என்னைப் பார்த்தாள்.

இப்படியே காலம் போயிருக்கும். இந்த வருஷம் ரேஸ் கிளப்பில் டெர்பியின் வரலாற்றை ஒரு பெரிய ஆல்பமாகப் போட முடிவு செய்தார்கள். ஜெயித்த ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு பக்கம். அதில் அந்தப் பந்தயத்தைப் பற்றி ஒரு ரசிகரின் நினைவு, அவருடைய படம், பெயர். லேட் லெட்டரின் பக்கம் எனக்கு வேண்டும் என்று துடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. முப்பத்தாறு வருஷம் அச்சுக்குள்ளேயே கிடந்தும் என் பெயர் ஒரு தடவைகூட அச்சில் வந்ததில்லை. ப்ரூஃப் ரீடர் பெயரை எவன் போடுவான்?

ஆல்பத்தின் எடிட்டரம்மாவுக்கு எழுதி அனுப்பினேன். “உங்கள் நினைவு மிகச் சுருக்கமாக உள்ளது” என்று பதில் வந்தது. சுருக்கமாக இல்லாமல்? உதிர்ந்த சுண்ணாம்பைப் பற்றி எத்தனை பக்கம் எழுத முடியும்? அந்தம்மாள் நேரே மச்சானிடம் போய்க் கட்டுரை வாங்கிக்கொண்டாள். அதோடு விட்டாளா? ஆல்பம் முழுவதற்கும் ப்ரூஃப் பார்க்க ஆள் வேண்டும், பழைய ஆளாக இருந்தால் நல்லது என்று என்னையே கூப்பிட்டாள். எரிகிற வயிற்றில் ஒரு குடம் எண்ணெய். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்காமல் இருக்க முடியுமா?

தாள்கள் வந்தன. மச்சானின் பக்கத்தைத்தான் முதலில் உருவினேன். “நான் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டேன். நான் பார்த்தேன். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.” முதல் பக்கத்தில் மட்டும் பத்தொன்பது ‘நான்’. பேனாவால் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டேன். அதற்குமேல் தாங்கவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமல் கட்டைத் தூக்கி ஓரமாக வைத்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் ஒரு தாளைப் பாதியில் வைத்தது அதுதான் முதலும் கடைசியும்.

படங்களுக்கு அடிக்குறிப்பு சரிபார்ப்பதற்காக எடிட்டரம்மாள் சில பழைய ஃபிலிம்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பியிருந்தாள். கிளப்பின் பழைய பெட்டி ஒன்றில் கிடைத்தவையாம். வருஷத்தைப் பார்த்தேன். என் டெர்பி.

திரும்பிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, நம்புங்கள். பிறகு ஒட்டவைத்தது போல உட்கார்ந்து பார்த்தேன். மழை, கறுப்பு வெள்ளை. கேட் திறந்தது. லேட் லெட்டர் முதலில் வெளியே வந்தது. முதல் வளைவில் முதலாவது. எதிர்ப் பக்கத்தில் முதலாவது. கடைசி வளைவிலும் முதலாவது. அந்தக் குதிரைக்கு முன்னால் இன்னொரு குதிரையின் வாலைக்கூட நான் பார்க்கவில்லை. சந்து கிடையாது, கம்பியோரம் கிடையாது, சுவர் கிடையாது. காலையில் பால் வாங்கப் போகிறவன் மாதிரி போய் மூன்று நீளத்தில் ஜெயித்துவிட்டது.

நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். ஆஹா! முப்பத்தெட்டு வருஷமாக ரீல் விட்டவரை ரீலே காட்டிக்கொடுத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே எடிட்டரம்மாளுக்கு ஃபோன் போட்டேன்.

“அம்மா, லேட் லெட்டர் பத்தின கட்டுரை சுத்தப் பொய். நீங்க அனுப்பின ஃபிலிமையே போட்டுப் பாருங்க.”

பார்த்துவிட்டு அரை மணியில் கூப்பிட்டாள். “நல்ல வேளை சொன்னீங்க சார். மானம் போயிருக்கும். அதைத் தூக்கிட்டு ஃபிலிம்ல இருக்கிறபடி நாலு வரி போட்டுடறேன். முன்பகுதிப் பக்கமெல்லாம் நாளைக்கே அச்சுக்குப் போகுது.”

மறுநாள் காலையில் குளித்துச் சவரம் செய்துகொண்டு மச்சானின் கடைக்குப் போனேன்.

“வாங்க மாப்ள! நாற்காலி சும்மாதான் இருக்கு, உட்காருங்க. உங்க கண்ணைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு” என்று பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மறுப்பதற்குள் என் மூக்கில் அந்தக் கனமான இரும்பு ஃபிரேமை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, “இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?” என்றார்.

“மச்சான், ஃபிலிம் பார்த்தேன்.”

“என்ன ஃபிலிம்?”

“டெர்பி. லேட் லெட்டர் ஜெயிச்சது.”

அடுத்த வில்லையை எடுத்த கை அப்படியே நின்றது.

“முதல் அடியிலேர்ந்து முன்னாடியே ஓடுது” என்றேன். “கடைசி வளைவுல ஆறாவதா? கைக்குட்டை நுழையாத சந்தா?”

“ஆமா” என்றார். “முன்னாடியேதான் ஓடுச்சு.”

சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு அந்த ‘ஆமா’ பெரிய ஏமாற்றம். “என்ன ஆமா? முப்பத்தெட்டு வருஷமா ஊருக்கே காது குத்தியிருக்கீங்களே!”

“ஊருக்கா சொன்னேன்? முதல்ல உங்களுக்குத்தானே சொன்னேன்.” வில்லையைத் துணியில் துடைத்தார். “கேட் திறந்துச்சு, அது முன்னாடி போச்சு, போயிட்டே இருந்துச்சு. பார்த்துட்டிருந்த எங்களுக்குக் கொட்டாவி. சரின்னு திரும்பிப் பார்த்தா, நீங்க மழையில முதுகைக் காட்டிட்டு, காதுல விரலோட, உடம்பெல்லாம் நடுங்க நிக்கிறீங்க. தோளைத் தட்டினா, எப்படி எப்படின்னு கேக்கறீங்க. நீங்க திரும்பி நின்னாலும் நிக்காட்டியும் அது பாட்டுக்கு ஜெயிச்சிருக்கும்னு அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிய்யா சொல்றது? அதான், குதிரையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி விட்டேன்.”

“என்னை வெச்சு ஊரே சிரிச்சுதே!”

“சிரிச்சாங்க. முடிக்கும்போது கை தட்டினாங்களே, அது யாருக்கு? நான் பிளாக் காலர்ல கட்டித் தோத்தவன் மாப்ள. எனக்கா தட்டினாங்க?”

எதிர்க் கண்ணாடியில் இரும்பு ஃபிரேமோடு என் மூஞ்சி தெரிந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதும் எனக்கு வந்தது நன்றி இல்லை. பொய் சொல்வதில்கூட இந்த மனிதர் என்னைவிட ஒரு படி மேலே இருக்கிறாரே என்ற பொறாமைதான் வந்தது.

“கட்டுரையை எடுக்கச் சொல்லிட்டேன்” என்றேன்.

மச்சான் என் மூக்கிலிருந்து ஃபிரேமைக் கழற்றினார். பிறகு, “ரெண்டாம் பக்கமும் படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கட்டைப் பிரித்து இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். பாதிப் பக்கத்துக்கு ஒரு படம். இருபத்தெட்டு வயதில், தலையில் முடியோடு, நான். அதற்குக் கீழே, ‘டெர்பி ஜெயித்தவர்’. பக்கத்தில் மச்சானின் எழுத்து: “இதுவரை நான் நான் என்று சொல்லிவிட்டேன். நான் செய்ததெல்லாம் பார்த்தது மட்டும்தான். கண் இருக்கிற யாரும் பார்க்கலாம். பார்க்காமல் நிற்பதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். அது என் தங்கை கணவருக்கு இருந்தது. இது அவருடைய டெர்பி. தயவுசெய்து என் படத்தைப் போட வேண்டாம்.” அதற்கடுத்த வரியில் என் பெயர். முழுப் பெயர், அச்சில். அதில் ஓர் எழுத்து தப்பு.

பழக்க தோஷம், பேனாவை எடுத்து அந்த எழுத்தைத் திருத்தினேன். பிறகுதான் அந்தப் பக்கமே இல்லை என்பது உறைத்தது. ஃபோனைப் போட்டேன்.

“அம்மா, அந்தக் கட்டுரையை மறுபடி சேர்த்துடுங்க.”

“சார், அந்தப் பக்கமெல்லாம் அச்சுல ஓடிட்டிருக்கு.”

“நிறுத்துங்கம்மா!”

“எப்படி சார் நிறுத்தறது? நீங்கதானே பொய்யுன்னீங்க. பொய்யுன்னு தெரிஞ்சுட்டு எப்படிப் போடறது?”

அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள். “இந்தப் படத்தை நான்தான் அண்ணாகிட்ட எடுத்துக் கொடுத்தேன். புஸ்தகம் வர்ற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னாரு” என்றாள். தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஆல்பம் வந்தது. வழவழப்பான தாள், கெட்டி அட்டை. லேட் லெட்டரின் பக்கத்தில் குதிரையின் படம் மட்டும். அதற்குக் கீழே நான்கு வரி: முதல் அடியிலிருந்து முன்னணியில் ஓடி, எந்தச் சவாலும் இன்றி, மூன்று நீளத்தில் வென்றது. அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. நான் பார்த்த ப்ரூஃப் அல்லவா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இளைய மகள் புதுக் கணவரோடு சாப்பிட வந்தாள். மச்சானும் வந்திருந்தார். எதுவுமே நடக்காதது போல வாசலிலேயே “என்ன மாப்ள, சௌக்கியமா?” என்று விசாரித்தார். மருமகன் நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். சாப்பாட்டு மேஜையில் கிடந்த ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

மகள் தாய்மாமனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, இவருக்கு லேட் லெட்டர் கதையைச் சொல்லுங்க. நான் சொன்னா அந்த மாதிரி வர மாட்டேங்குது.”

“நான் சொன்னதுல தப்பு இருந்துச்சும்மா” என்றார் மச்சான். “உங்க அப்பாதான் ஃபிலிம்ல சரியாப் பார்த்திருக்காரு. அவரே சொல்லட்டும்.”

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னார். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. முப்பத்தெட்டு வருஷமாக எதற்காகக் காத்திருந்தேனோ அது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“கேட் திறந்ததும் லேட் லெட்டர் முதல்ல வந்துச்சு. அப்படியே முன்னாடியே ஓடுச்சு. மூணு நீளத்துல ஜெயிச்சுது.”

முடிந்துவிட்டது. இன்னும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மருமகன்தான் பாவம், மாமனாருக்கு மரியாதை கொடுத்து, “ஓ... நல்ல குதிரை” என்றான். பிறகு, “நீங்க அப்ப எங்கே இருந்தீங்க மாமா?” என்று கேட்டான்.

“அங்கேதான் இருந்தேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னேன்.”

“ஏன்?”

அவன் தெரியாமல்தான் கேட்டான். மகள் என்னைப் பார்த்தாள். என் மனைவியும் பார்த்தாள், அன்றைக்கு அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் திரும்பிப் பார்த்தாளே, அப்படி ஒன்றும் இல்லை. நான் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள். அந்த இடத்தில்தான் குதிரை கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை.

“மச்சான், நீங்க சொல்லுங்க” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அதைச் சொல்லச் சொல்லி நான் கேட்டதே இல்லை. “அந்தக் கடைசி வளைவு. ஆறாவதா வந்துட்டிருந்துச்சே. நீங்க என் பக்கம் திரும்பிப் பார்த்தீங்களே. சொல்லுங்க மச்சான்.”

அவர் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. கண் சரியாகத் தெரியாதவர்களிடம் பேசுகிற அதே இதமான குரலில்தான் சொன்னார்.

“அது நடக்கலையே மாப்ள.”